தீமிதி ஒரு மணி நேரம், பாரதம் 18 நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்ததிலிருந்து ஆடி முடியும் வரை தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் அடிக்கடி ஒரே மாதிரியான படம் வருகிறது. மஞ்சள் உடுத்தி, கழுத்தில் மாலையும் கையில் வேப்பிலையுமாக ஒருவர் நெருப்பின் மேல் ஓடிக்கொண்டிருப்பார். கீழே, திரௌபதி அம்மன் கோயில் தீமிதி விழாவில் திரளான பக்தர்கள் நேர்த்திக்கடன் செலுத்தினார்கள் என்று ஒரு வரி இருக்கும். படத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் தீ மிதிப்பது அந்த விழாவின் இறுதியில், ஒரு மாலைப் பொழுதில், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற நிகழ்ச்சி. அதற்கு முன் 18 நாளோ 20 நாளோ அந்த ஊர் உட்கார்ந்து பாரதம் கேட்டிருக்கிறது. பத்து இரவு கண் விழித்துத் தெருக்கூத்துப் பார்த்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல்லும் அச்சில் வராமல் போவதால், இன்றைய பிள்ளைகளுக்கு இந்த அம்மன் நெருப்போடு தொடங்கி நெருப்போடு முடிந்துவிடுகிறாள். அந்த ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் அணைக்கட்டு வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 34 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் அம்மனைத் 'துரோபதை' என்றுதான் சொல்வார்கள். கோயிலுக்குத் தருமராஜா கோயில் என்று பெயர். விழாவுக்கு அடிக்கும் நோட்டீஸில் 'அக்னி வசந்த மகாபாரதப் பெருவிழா' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பேச்சில் எல்லோருக்கும் அது பாரதம்தான். "உங்க ஊர்ல எப்ப பாரதம்?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டால், விருந்துக்கு எப்போது வரலாம் என்று கேட்கிறார்கள் என்று பொருள்.

கொடியேற்றிக் காப்புக் கட்டிய மறுநாளிலிருந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், கோயிலுக்கு எதிரே போட்ட கீற்றுப் பந்தலில் பிரசங்கம் தொடங்கும். பிரசங்கியார், பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரின் விருத்தம் ஒன்றை இராகம் போட்டுப் பாடுவார். பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தோடு கடைசி அடியைத் திருப்பி எடுப்பார். பிறகு பிரசங்கியார் அதைப் பதம் பிரித்து, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பொருள் சொல்வார். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக அது ஏரிக்கரையைத் தாண்டிப் போகும். கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த என் தாய், சூதாட்டத்துக்குத் தருமர் இசைந்த இடம் வந்ததும் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு, "பாவி மனுசன், பெரியவனா பொறந்து இப்படிப் பண்ணிட்டானே" என்று உரக்கத் திட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. ஆனால் வில்லிபாரதத்து அடிகள் பலவற்றைப் பிழையில்லாமல் சொல்வார். பகலில் பிரசங்கியார் சொன்ன பகுதியையே இரவு பத்து மணிக்கு மேல் கூத்தாடிகள் விடியும் வரை ஆடிக் காட்டுவார்கள். ஒரே பாடத்தை முதலில் செய்யுளாகவும், அடுத்து உரையாகவும், அதன்பின் நாடகமாகவும் நடத்துகிற ஏற்பாட்டை எந்தக் கல்வித் துறையும் இதுவரை செய்து நான் பார்த்ததில்லை. வகுப்பில் வில்லிபாரதச் செய்யுளை நடத்தும்போது, பாரதம் நடக்கிற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளை முகத்தை வைத்தே நான் கண்டுகொள்வேன். நான் பொருள் சொல்வதற்கு முன்பே அவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த மண்ணில் பாரதம் படிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியதைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடியது மூன்றாம் நந்திவர்மன் காலத்தில். அவனுக்குத் 'தெள்ளாறு எறிந்த' என்ற சிறப்பைத் தந்த தெள்ளாறு, வந்தவாசிக்குப் பக்கத்தில், பழைய வட ஆர்க்காட்டு எல்லைக்குள்தான் இருக்கிறது. அதன் பிறகு வந்த வில்லிபாரதம் பத்துப் பருவங்களும் நான்காயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்டது. அத்தனை பெரிய நூலை ஏட்டிலும் புத்தகத்திலும் அடங்கிக் கிடக்கவிடாமல், உழவர்களும் நெசவாளர்களும் காதால் கேட்டுப் பாடமாக்கிக்கொள்ளும்படி செய்தது யார் என்று கேட்டால், புலவர்களையும் புரவலர்களையும் தாண்டித் துரோபதை அம்மனைத்தான் நான் சொல்வேன். அவளுக்கு விழா எடுக்க வேண்டும் என்ற பக்தி இல்லையென்றால் வில்லிபாரதம் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வந்திருக்காது.

கூத்துக்கும் இதே கணக்குத்தான். செய்யாறு பக்கத்துப் புரிசையும் பெருங்கட்டூரும் இன்று உலகம் அறிந்த பெயர்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் பற்றி நகரத்து நாடகக்காரர்கள் வியந்து பேசுகிறார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும், மத்தளமும் முகவீணையும், திரைக்குப் பின்னால் நின்றபடியே தன் பெயரையும் பெருமையையும் பாடிக்கொண்டு ராஜா வேடம் வெளியே வரும் அழகும், இவை யாவும் அம்மன் விழாவுக்கென்று ஊர்கள் ஆண்டுதோறும் கூத்துக்குழுக்களுக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைத்ததால் பிழைத்தவை. கலை விழா மேடையில் அரை மணி நேரம் ஆடவிட்டு இந்தக் கலையைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

வாழ்க்கையில் இந்த அம்மன் எவ்வளவு தூரம் கலந்திருக்கிறாள் என்பதற்கு எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலைப் பார்த்தாலே போதும். பாஞ்சாலை, துரோபதை, தருமன், அர்ச்சுனன், சகாதேவன் என்று பழைய தலைமுறையின் பெயர்கள் வரிசையாக வரும். மழை பொய்த்தால் விராட பருவம் படிக்கச் சொல்வார்கள். பெரியவர் ஒருவர் இறந்தால் கருமாதி இரவில் கர்ண மோட்சக் கூத்து வைப்பார்கள். கர்ணன் உயிர் பிரியும் நேரத்தில், செத்தவருக்கு அழாமல் அடக்கி வைத்திருந்த மகன்கூட உடைந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். அர்ச்சுனன் தபசு அன்று, உயரமாக நட்ட தபசு மரத்தின் உச்சிக்கு ஏறிப் பாடும் கூத்தாடி மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு முந்தானை ஏந்தி நிற்பார்கள். என் அத்தை இரண்டு ஆண்டு நின்றும் பழம் விழவில்லை. மூன்றாம் ஆண்டு விழுந்தது. அவர் மகனுக்கு அர்ச்சுனன் என்றுதான் பெயர். சிறுமியாக இருந்தபோது எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையை உலர்த்திக்கொண்டு வாசலில் நின்றால், "பாஞ்சாலி மாதிரி தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்காதே, யார் குடியைக் கெடுக்க?" என்று பாட்டி அதட்டுவார். அவிழ்ந்த கூந்தலுக்கு ஓர் அரசாட்சியைக் கவிழ்க்கும் வலிமை உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த அதட்டலில்தான்.

இத்தனைக்கும் நடுவில் இருப்பது ஓர் இரவு. சூதாட்டமும் துகிலுரிதலும் ஆடப்படும் அந்த இரவை எங்கள் பக்கத்தில் 'பகடை துகில்' என்பார்கள். அன்று கூட்டத்தில் பேச்சு இருக்காது. டீக்கடைக்காரர்கூட அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பார். துச்சாதனன் வேடம் கட்டியவர், பாஞ்சாலி வேடக்காரரின் சேலையில் கை வைப்பதற்கு முன், கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டு, "தாயே, இது வேஷம், குத்தம் பொறுக்கணும்" என்று வேண்டிக்கொள்வார். ஆடுகிறவர் ஆண், உடுத்தியிருப்பது கூத்துச் சேலை, பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அங்கே நிற்பது அம்மன்தான் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இராது. அந்தச் சபையில் அவள் கேட்கும் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்: தன்னைத் தோற்ற பின் என்னைத் தோற்றாரா, என்னைத் தோற்ற பின் தன்னைத் தோற்றாரா? தன்னையே இழந்து அடிமையானவனுக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க ஏது உரிமை? வீட்டுமர் (பீஷ்மர்) தருமம் நுட்பமானது என்று நழுவுவார். துரோணர் வாய் திறக்க மாட்டார். துரியோதனனின் தம்பிகளில் விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து அவள் சொல்வது நியாயம் என்பான். கூத்தில் இந்த வாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டும் வசனமுமாக நடக்கும், நடுநடுவே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கய்யா, இது நியாயமா?" என்று கேட்பான். எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்கு வாய்விட்டுப் பதில் சொல்வார்கள். கிராமப் பஞ்சாயத்தில் பெண்கள் திண்ணையோரம் ஒதுங்கி நின்ற காலத்தில், கணவனையும் பெரியவர்களையும் மன்னனையும் ஒரு பெண் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் காட்சியை, ஆண்டுக்கு ஒருமுறை, ஊர்ச் செலவில், சாமியின் பெயரால் நடத்தியிருக்கிறார்கள். பாரதியார் 1912-இல் 'பாஞ்சாலி சபதம்' வெளியிட்டு அவளை அடிமைப்பட்ட நாட்டின் உருவாகக் காட்டினார். அந்தக் காவியத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், எங்கள் ஊர்க் களத்துமேட்டில் நின்று வாதாடிய பாஞ்சாலியின் குரல்தான் எனக்குள் ஒலித்தது.

அடுத்துச் சொல்ல வேண்டியது படுகளம். முந்தின நாளே ஏரி மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தைத் தரையில் செய்வார்கள். தலைமாட்டில் நின்றால் கால்மாட்டில் நிற்பவரைக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும், அவ்வளவு நீளம். கண்ணுக்குச் சுண்ணாம்பு, கருவிழிக்கும் மீசைக்கும் அடுப்புக்கரி, உடம்புக்குச் செம்மண் பூச்சும் மஞ்சளும். தொடைக்குள் சிவந்த நீர் நிரப்பிய கலயம் ஒன்றைப் புதைத்து வைப்பார்கள். காலையில் துரியோதனனும் பீமனும் வேடம் கலையாமல், இரவெல்லாம் ஆடிய களைப்போடு, அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டியதும் பீமனின் கதாயுதம் அந்தக் கலயத்தின் மேல் இறங்கும். அந்தச் சிவப்பு தெறித்த இடத்தில் பாஞ்சாலி வந்து நின்று, இத்தனை நாள் அவிழ்ந்து கிடந்த கூந்தலை முடிப்பாள். ஒரு பக்கம் குலவை எழும். மறுபக்கம், செத்தவன் எவ்வளவு பொல்லாதவனானாலும் அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்று ஒப்பாரி பாடுவார்கள். அந்த ஒப்பாரியை முதன்முறை கேட்டபோது எனக்கு வயது ஒன்பது. பகைவனுக்காகவும் அழலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் கலைவதற்குள் பெண்கள் ஓடிப் போய் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். என் தாய் அதைத் துணியில் கட்டி நெல் குதிருக்குள் போட்டு வைப்பார். அடுத்த பாரதம் வரும் வரை குதிர் குறையாது என்பது நம்பிக்கை. குதிர் போய் அரிசி டிரம் வந்துவிட்டது. மண் முடிச்சு இன்றும் என் வீட்டில் அதற்குள் இருக்கிறது.

அன்று மாலை நடப்பதுதான் தங்கள் படத்தில் வரும் தீமிதி. நெருப்பில் பிறந்தவளின் நெருப்பு அது. 18 நாளும் அவளோடு சபையிலும் காட்டிலும் போர்க்களத்திலும் நின்றுவிட்டு அதில் இறங்குகிறவனுக்கும், கதை எதுவும் தெரியாமல் வேண்டுதலை முடிக்க மட்டும் இறங்குகிறவனுக்கும் கால் ஒரே மாதிரிதான் சுடும். ஆனால் இருவரும் மிதிப்பது ஒரே தீயை என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அம்மனின் காவல் தெய்வங்களில், கையில் தலையை ஏந்தி நிற்கும் போத்துராசாவும் முத்தால இராவுத்தரும் உண்டு. வியாசர் பாரதத்தில் இருவரும் இல்லை; எங்கள் பக்கத்துப் பாரதத்தில் இருக்கிறார்கள். முத்தால இராவுத்தர் இஸ்லாமியர். அவர் குதிரைக்குக் கொள்ளு படைப்பார்கள். பெங்களூரில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்படும் திரௌபதியின் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. பிற மதத்தவரைத் தன் வாசலில் காவலாக ஏற்றுக்கொண்ட ஒருத்தியின் கோயிலுக்குள், சொந்த ஊர் மக்களில் ஒரு சாரார் நுழையக் கூடாது என்று சிலர் மறித்து நின்றதும், அந்தத் தகராறில் 2023 ஜூன் மாதம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் கோயிலையே அதிகாரிகள் பூட்டி முத்திரையிட நேர்ந்ததும், பாரதம் கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குத் தலைகுனிவு. சபையில் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தவர்களைத்தானே அவள் கடைசி வரை மன்னிக்கவில்லை?

கடல் தாண்டிய ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலுக்குப் போனது. அதன்பின் தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளில் வட ஆர்க்காட்டுக் கிராமத்தார் ஏராளம். அவர்களோடு தீமிதியும் போனது. சிங்கப்பூரில் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயிலில் இன்றும் தீபாவளிக்கு முன் தீ மிதிப்பது திரௌபதி அம்மனுக்காகவே. ரீயூனியன் தீவில் தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிட்டபோதும், பிரெஞ்சு பேசும் நம்மவர் வாயில் பாஞ்சாலி 'பாந்தியாலே' என்று நிலைத்திருக்கிறாள். மொழி போன பிறகும் ஒரு பெயர் நிற்கிறது என்றால் அந்தப் பெயரை அவர்கள் எவ்வளவு இறுகப் பற்றியிருக்க வேண்டும்!

அப்படி அவர்கள் பற்றியிருந்ததை இங்கே நாம் தளர விடுகிறோம் என்பதே என் மனக்குறை. எங்கள் ஊரையே சொல்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது 18 நாள் பிரசங்கமும் பத்து இரவு கூத்தும் நடந்தன. கடந்த ஆண்டு ஐந்து நாள் பிரசங்கம், மூன்று இரவு கூத்து. மீதி இரவுகளில் இன்னிசைக் கச்சேரி. பகடை துகிலை விட்டுவிட்டார்கள். விழாக்குழுவில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வேலைக்காகப் பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் சனி, ஞாயிறுகளில்தான் வர முடிகிறது, கூத்துக்கு வெள்ளி முளைக்கும் வரை உட்கார ஆள் இல்லை, பிரசங்கம் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அவர்கள் சொல்லும் காரணங்களும் பொய்யில்லை. ஆனால் ஆட்டம் பாட்டத்துக்குத் திரட்ட முடிகிற பணத்தைப் பாஞ்சாலிக்குத் திரட்ட முடியாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாள் குறைந்தே தீர வேண்டும் என்றால், துகிலும் தபசும் கர்ண மோட்சமும் படுகளமும் விடுபடாமல் குறைக்கலாம். பிரசங்கத்தை விடுமுறை நாட்களுக்கு மாற்றி, பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கலாம். கோடை விடுமுறையில்தானே பெரும்பாலான ஊர்களில் பாரதம் நடக்கிறது?

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வரும் சித்திரையில் தங்கள் செய்தியாளர் ஒருவரை, தீமிதி மாலைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஏதேனும் ஓர் ஊரின் துகில் இரவுக்கு அனுப்புங்கள். அவர் விடியும் வரை தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தக் கூத்து, எந்தக் குழு, யார் பிரசங்கம் என்ற விவரத்தை வாரம் ஒருமுறை சிறு கட்டத்திலாவது வெளியிடுங்கள். முன்பெல்லாம் ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டித் தெரிந்துகொண்டதை இப்போது தங்கள் ஏட்டில் பார்த்துவிட்டு, அடுத்த ஊர்க்காரர்களும் வந்து உட்காருவார்கள். உட்கார ஆள் இருந்தால் குழுக்களும் நாட்களைக் கூட்டும்.

எங்கள் ஊர் விழாக்குழு மாசி மாதம் கூடுகிறது. பகடை துகில் இரவுக்கான கூத்துச் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதை வாங்கிக்கொள்வதா, கச்சேரிக்கே நிற்பதா என்று அன்று முடிவு செய்வார்கள். முடிவு என்னவென்று தங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.